வெறுங்கையில் வரையும் பெட்டி ஏன் கோணுகிறது? அடிப்படை வடிவங்களில் பெர்ஸ்பெக்டிவ் பழகும் முறை

கேள்வி இதுதான்: பெர்ஸ்பெக்டிவில் (தள்ளிப் போகப் போகப் பொருள் சிறுத்துத் தெரிவதைத் தாளில் காட்டும் முறை), ஸ்கேல் வைத்து, மறைபுள்ளி (விலகிப் போகும் கோடுகள் கூடுவதாகத் தெரியும் இடம்) குறித்து வரைந்தால் பெட்டி சரியாக வருகிறது, வெறுங்கையில் வரைந்தால் கோணிக்கொள்கிறது. இரண்டு மாதமாக நோட்டு நோட்டாகப் பெட்டியும் உருளையும் போட்டும் முன்னேற்றம் தெரியவில்லை. இன்னும் எத்தனை வரைய வேண்டும்?

நீங்கள் போட்ட எண்ணிக்கை ஏற்கெனவே போதும். வரைந்த பெட்டியைத் திருத்திப் பார்க்காமல் அடுத்ததற்குத் தாவுவதுதான் இதில் பெரும்பாலும் நடக்கும் கோளாறு. திருத்தாமல் நூறு பெட்டி போட்டால் கை அதே பிழையை நூறு தடவை மனப்பாடம் செய்துகொள்ளும். வெறுங்கையில் வரையுங்கள், ஸ்கேலால் சரிபாருங்கள், பிழைக்கு ஒரு பெயர் எழுதுங்கள், அந்தப் பிழையை மனதில் வைத்து அடுத்ததைத் தொடங்குங்கள். இந்த நான்கும் முடிந்தால்தான் ஒரு பெட்டி வரைந்ததாகக் கணக்கு.

ஏ4 ஜெராக்ஸ் தாள், கறுப்பு பால்பாயின்ட் பேனா, சிவப்புப் பேனா, 30 செ.மீ. ஸ்கேல், இவை போதும். பென்சிலும் ரப்பரும் இந்தப் பயிற்சிக்கு வேண்டாம். ரப்பர் கையில் இருந்தால் பிழையான கோடு அழிந்துபோகும். எங்கே தப்பினோம் என்று பிறகு பார்க்கவே வழியில்லை. பால்பாயின்ட் பேனாவை லேசாக ஓட்டினால் மங்கலான கோடு விழும், அழுத்தினால் கறுக்கும். ஆகவே தேடும் கோட்டையும் முடிவான கோட்டையும் ஒரே பேனாவில் போடலாம். தாளை மேசையில் படுக்கப் போட்டுக் குனிந்து வரையாதீர்கள். தாளின் மேல்பகுதி கண்ணிலிருந்து விலகி இருப்பதால் சுருங்கித் தெரியும், கை அதை ஈடுகட்ட மேல்நோக்கி இழுத்து வரைந்துவிடும். நிமிர்த்திப் பார்த்தால் பெட்டி ஒட்டடைக்குச்சி மாதிரி நீண்டிருக்கும். பரீட்சை அட்டையின் மேல்விளிம்புக்கு அடியில் இரண்டு தடித்த புத்தகங்களை வைத்துச் சாய்த்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும்.

முதல் ஐந்து நிமிடம் வெறும் கோடு. 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். பேனா தாளில் படாமல் இரண்டு மூன்று முறை அந்தப் பாதையில் கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதே வேகத்தில் ஒரே இழுப்பில் போடுங்கள். கண் பேனா முனையில் இருக்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்க வேண்டும். கோடு வில் மாதிரி வளைந்தால் மணிக்கட்டு மட்டும் சுழல்கிறது என்று பொருள். தோளிலிருந்து கையை நகர்த்துங்கள். நடுங்கினால் வேகம் குறைவு. புள்ளியைத் தாண்டி அரை செ.மீ. ஓடிப்போனால் கவலையே வேண்டாம், நடுக்கத்தைவிட அது எவ்வளவோ மேல். சிலருக்கு எந்தப் பக்கம் இழுத்தாலும் கோடு ஒரே திசையில்தான் வளையும். அவர்கள் கொஞ்ச நாள் எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும் என்றே நினைத்து இழுத்தால் நேராகிவிடும்.

இனி பார்வைக்கு வருவோம். ஒரு தீப்பெட்டியைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடியுங்கள். மேல்முகம் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். மெல்லக் கீழே இறக்க இறக்க மேல்முகம் திறந்துகொண்டே வரும். கண் உயரத்துக்கு மேலே தூக்கினால் அடிமுகம் தெரியும். பெட்டி உங்கள் கண் உயரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைத்தான் அந்தத் திறப்பு சொல்கிறது. அந்தக் கண் உயரம்தான் கண்மட்டக் கோடு. உட்கார்ந்தால் அது இறங்கும், மொட்டை மாடிக்குப் போனால் ஏறும். தரைக்கு இணையாக விலகிப் போகிற கோடுகள் எல்லாம் அந்தக் கோட்டில்தான் எங்கோ போய் மறையும்.

எங்கோ என்று சொன்னேன் அல்லவா, அந்த எங்கோவில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ஏ4 தாளைக் குறுக்காக வைத்தால் அகலம் 29.7 செ.மீ. தாளின் இரு ஓரங்களிலும் மறைபுள்ளி வைத்து, நடுவில் பெட்டியைப் போடுவதுதான் பலரும் முதலில் பழகும் வழி. இரு புள்ளிகளுக்கும் நடுவே சுமார் 28 செ.மீ. வடிவக் கணக்குப்படி, செங்கோண மூலைகள் கொண்ட பெட்டி அந்தப் படத்தில் சரியாகத் தெரிய வேண்டுமானால், பார்க்கிறவர் கண் தாளிலிருந்து அதிகபட்சம் அதில் பாதி தூரத்தில், அதாவது 14 செ.மீ.யில் இருக்க வேண்டும். மூக்கு தாளில் உரசும் தூரம் அது. நாமோ 40 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம். அதனால் விதிப்படி வரைந்த பெட்டிகூட முன்மூலை கூராகி, கப்பல் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். நம்பிக்கை வராவிட்டால் சோதித்துப் பாருங்கள். இரு மறைபுள்ளிகளுக்கும் நடுவில் காம்பஸை ஊன்றி, இரண்டையும் தொடும்படி ஒரு வட்டம் போடுங்கள். பெட்டியின் முன்மூலை அந்த வட்டத்துக்கு உள்ளே இருந்தால் அங்கே விழும் கோணம் 90 பாகைக்கு மேல். வட்டத்தின் மேல் இருந்தால் சரியாக 90. வெளியே போனால் 90க்குக் கீழ். கீழே போன மூலைதான் கண்ணைக் குத்துகிறது. வட்டத்தின் விளிம்பை நெருங்கும்போதே பெட்டி அசௌகரியமாகத் தெரியத் தொடங்கும். நடுப்பகுதியிலேயே வரையுங்கள்.

அப்படியென்றால் மறைபுள்ளிகள் தாளுக்கு வெளியே போக வேண்டும். வெளியே இருக்கும் புள்ளியைக் குறிவைத்து வெறுங்கையில் கோடு போட முதலில் ஒரு துணை வேண்டும். ஒரு தாளின் நடுவில் செங்குத்துக் கோடும், அதை வெட்டும்படி கண்மட்டக் கோடும் போடுங்கள். செங்குத்துக் கோட்டில், கண்மட்டத்திலிருந்து மேலும் கீழும் 1 செ.மீ.க்கு ஒரு குறி வைத்து எண் கொடுங்கள். அதிலிருந்து இடமும் வலமும் 10 செ.மீ. தள்ளி இன்னும் இரண்டு செங்குத்துக் கோடுகள், இவற்றில் 7.5 மி.மீ.க்கு ஒரு குறி. ஒரே எண்ணுள்ள குறிகளை இணையுங்கள். 10 செ.மீ. போவதற்குள் கோடுகளின் இடைவெளி கால்வாசி குறைகிறது, ஆகவே அவை 40 செ.மீ. தொலைவில் போய்க் கூடும். இடம் 40, வலம் 40 என்றால் பார்வைத் தூரமும் 40. நாம் உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான். இந்த வலையைக் கறுப்பு மையில் அழுத்தமாகப் போட்டு, வரையும் தாளுக்கு அடியில் வையுங்கள், மங்கலாகத் தெரியும். ஒரு வாரம் இதன் மேல் வரையுங்கள். பிறகு எடுத்துவிடுங்கள். எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தால் அது இன்னொரு ஸ்கேல் ஆகிவிடும்.

எவ்வளவு குவிய வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. 5 செ.மீ. ஆழமுள்ள பெட்டி 50 செ.மீ. தூரத்தில் இருந்தால், அதன் பின்விளிம்பு 55 செ.மீ. தூரத்தில். 50ஐ 55ஆல் வகுத்தால் சுமார் 0.91. முன்விளிம்பைத் தாளில் 5 செ.மீ. வரைந்தால் பின்விளிம்பு 4.5 செ.மீ. வரும். அவ்வளவுதான் சுருக்கம். இதுவே 10 மீட்டர் ஆழமுள்ள வீட்டை 10 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் பின்பக்கம் பாதியாகிவிடும். தீப்பெட்டியின் கோடுகளை வீட்டின் கோடுகள் அளவுக்குக் குவித்தால் தீப்பெட்டி கிடங்கு மாதிரி தெரிவது இதனால்தான். வரையும் முன், இது கையளவுப் பொருளா, ஆள் உயரமா, கட்டடமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி வரையும் வரிசை இப்படி. ஒரு பக்கத்துக்கு நான்கு பெட்டி, ஒவ்வொன்றும் 4 முதல் 5 செ.மீ. விளிம்பு. நமக்கு மிக அருகில் உள்ள மூலையிலிருந்து தொடங்கி மூன்று கோடுகளைச் சூலக்கிளை போலப் பிரித்துப் போடுங்கள். மூன்று முகமும் தெரிகிற பெட்டியில் அந்த மூன்று கோணங்களும் தனித்தனியே 90 பாகையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது செங்கோணப் பெட்டி இல்லை, நசுங்கிய டப்பா. பிறகு மற்ற விளிம்புகளை மெல்லிய கோட்டில் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பின்விளிம்புகள் மூன்றையும் கண்ணாடிப் பெட்டி போலக் கட்டாயம் வரைய வேண்டும். அவற்றை விட்டுவிட்டால் பிழை ஒளிந்துகொள்ளும்.

ஒரு திசையில் நான்கு விளிம்புகள் ஓடுகின்றன. நான்காவதைப் போடும்போது மற்ற மூன்றையும் கண்ணில் வைத்திருக்க வேண்டும். பலர் ஒரே முகத்தின் எதிரெதிர் விளிம்புகளை மட்டும் ஒப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த முகம் ஒழுங்காக இருக்கும், பக்கத்து முகம் விரிந்து கிடக்கும்.

நான்கு பெட்டியும் முடிந்ததும் சிவப்புப் பேனாவும் ஸ்கேலும். ஒவ்வொரு விளிம்பையும் நம்மிடமிருந்து விலகிப் போகும் திசையில் நீட்டுங்கள். ஒரு பெட்டிக்கு பன்னிரண்டு சிவப்புக் கோடுகள் வரும். அந்தச் சிவப்புக் கோடுகள்தான் உங்கள் ஆசிரியர். நான்கு வகைப் பிழை திரும்பத் திரும்ப வரும். கோடுகள் போகப் போக அகன்றால் பக்கத்தில் ‘வி’ என்று எழுதுங்கள், விரிவு. இடப்பக்கக் கோடுகள் கூடும் இடமும் வலப்பக்கக் கோடுகள் கூடும் இடமும் ஒரே கண்மட்டத்தில் விழாவிட்டால் ‘சா’, சாய்வு. தரையில் வைத்ததாக நினைத்த பெட்டி சரிவில் நிற்கிறது. சீக்கிரமே கூடிவிட்டால் ‘மூ’, மூக்கருகே பார்த்தது. மூன்று பின்விளிம்புகளும் கடைசி மூலையில் சந்திக்காவிட்டால் ‘க’, கடைசி மூலை. இந்தக் கடைசிப் பிழைக்கு அந்த மூலையைப் பிடித்துத் திருத்துவதில் பயனில்லை. முன்பு போட்ட ஐந்தாறு கோடுகளில் சேர்ந்த சிறு தப்புகள் எல்லாம் அங்கே வந்து வட்டியோடு நிற்கின்றன. எந்தச் சிவப்புக் கோடு கூட்டத்தை விட்டுத் தனியாகப் போகிறது என்று பாருங்கள், குற்றவாளி அதுதான்.

சனிக்கிழமை அந்த வாரத்துத் தாள்களை எடுத்து எழுத்துகளை எண்ணுங்கள். எது அதிகமோ அதற்கே அடுத்த வாரம். ‘வி’ அதிகம் என்றால் மூன்றாவது, நான்காவது கோட்டைப் போடும் முன் நின்று பாருங்கள். ‘சா’ என்றால் ஒரு வாரம் கண்மட்டக் கோட்டை மட்டும் முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நான்கு பெட்டி, வாரத்துக்கு ஆறு நாள் என்றால் பத்து வாரத்தில் 240. ஒரே உட்காரலில் இருபது போடுவதால் ஆவது ஒன்றுமில்லை, பாதிக்கு மேல் கண் பார்ப்பதை நிறுத்திவிடும், கை மட்டும் ஓடும்.

பெட்டியைச் சுழற்றி வரைவதில் தனி ஞானம் இருக்கிறது. பார்வைத் தூரம் 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பெட்டி 45 பாகை திரும்பி நிற்கும்போது மறைபுள்ளிகள் நடுவிலிருந்து 40, 40. 30 பாகை என்றால் ஒன்று 23 செ.மீ.க்கு வரும், மற்றது 69க்கு ஓடும். 15 பாகை என்றால் ஒன்று 11, மற்றது 149. இரண்டையும் பெருக்கினால் எப்போதும் சுமார் 1600தான். ஒன்று கிட்டே வந்தால் மற்றது தூரம் போயே தீரும். நமக்கு முகம் காட்டுகிற பக்கம் அகலமாகி, அதன் கோடுகள் ஏறக்குறைய கிடையாகும். ஒதுங்குகிற பக்கம் குறுகி, அதன் கோடுகள் அதிகமாகச் சரியும். ஒரே பெட்டியை ஐந்து நிலைகளில் வரிசையாக வரைந்து பழகுங்கள். இரு முகமும் ஒரே நேரத்தில் அகன்றால் எங்கோ தப்பு.

அடுத்து நீள்வட்டம். உருளை, கூம்பு, சக்கரம், டம்ளர், குடம் எல்லாம் இதில்தான் நிற்கின்றன. வட்டத்தைச் சாய்வாகப் பார்த்தால் கிடைப்பது துல்லியமான நீள்வட்டம். அருகில் உள்ள பாதி கொஞ்சம் பருத்திருக்க வேண்டாமா என்று தோன்றும், வேண்டாம். முன்பாதியும் பின்பாதியும் சமம். நகர்வது வட்டத்தின் உண்மையான நடுப்புள்ளிதான். அது நீள்வட்டத்தின் நடுவிலிருந்து சற்றுப் பின்னால் தள்ளி இருக்கும். சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி போடும்போது இதை மறந்தால் அச்சு இடம் மாறித் தெரியும்.

பயிற்சிக்கு முதலில் ஒரு நேர்க்கோடு போடுங்கள். அது குறுகிய அச்சு, பள்ளிக் கணக்கில் குற்றச்சு என்பார்கள். அதற்குச் செங்குத்தாக நெட்டச்சு வருமாறு நீள்வட்டத்தைப் போட வேண்டும். காற்றில் இரண்டு சுற்று, தாளில் இரண்டு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். இரு முனைகளும் உருண்டிருக்க வேண்டும். கூரானால் மீன் கண் மாதிரி ஆகும், பக்கங்கள் தட்டையானால் மாத்திரை மாதிரி ஆகும். சரிபார்க்க, குற்றச்சின் மேல் தாளை மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரு பாதியும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். பிறகு நெட்டச்சின் மேலும் மடியுங்கள். எந்தப் பக்கம் உப்புகிறது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். வலக்கைக்காரர்களுக்கு பெரும்பாலும் ஒரே பக்க மூலைதான் உப்பும்.

ஒரு ஸ்டீல் டம்ளரை எடுத்துக்கொள்வோம். உயரம் 10 செ.மீ., 50 செ.மீ. தள்ளி மேசையில் இருக்கிறது, கண் மேசைக்கு மேலே 40 செ.மீ. வாய்விளிம்பின் நீள்வட்டத்தில் குறுகிய அளவு அகலத்தில் ஏறக்குறைய பாதி. அடிவட்டத்தில் அது எட்டில் ஐந்து பங்கு, அதாவது அடி இன்னும் உருண்டையாகத் தெரியும், ஏனென்றால் அது கண்மட்டத்திலிருந்து அதிகம் இறங்கியிருக்கிறது. புதிதாக வரைகிறவர்கள் வாயை நன்றாகத் திறந்துவிட்டு, டம்ளர் தட்டையான மேசையில்தானே நிற்கிறது என்று அடியை நேர்க்கோடாக இழுத்துவிடுவார்கள். கண்ணால் பார்த்ததை அறிந்தது வந்து மறைத்துவிடும் இடம் இது. அடிவட்டத்தின் பின்பாதியையும் கண்ணாடி டம்ளர் போல முழுதாக வரைந்தால் இந்தப் பழக்கம் விடும்.

படுத்த உருளைக்கும் சக்கரத்துக்கும் ஒரே விதி: குற்றச்சு எப்போதும் உருளையின் அச்சோடு ஒன்றாகப் போகும். மாட்டு வண்டிச் சக்கரம் என்றால் இருசுக் கட்டை ஓடும் திசையே குற்றச்சு. கண்மட்டத்துக்குக் கீழே அந்தக் கட்டை சரிந்து ஓடுவதாகத் தெரிந்தால் சக்கரத்தின் நெட்டச்சும் அதற்கேற்பச் சாயும். சக்கரம் நிமிர்ந்துதானே நிற்கிறது என்று நெட்டச்சைச் செங்குத்தாகப் போட்டால் வண்டிக்குக் கால் உடைந்த மாதிரி இருக்கும். கூம்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பக்கக் கோடுகள் நெட்டச்சின் முனைகளில் போய் நிற்காது. மேலிருந்து பார்க்கும் கூம்பில் அவை கொஞ்சம் பின்னால் தொட்டு வழுக்கிப் போகும்.

இந்த நீள்வட்டமே கன சதுரத்துக்கும் தராசு. ஒரு முகம் உண்மையில் சதுரம்தானா, செவ்வகமாகிவிட்டதா என்று வெறுங்கையில் சொல்வது கடினம். பெரும்பாலும் ஆழம் கூடிப்போகும். அந்த முகத்துக்குள், நான்கு பக்கங்களையும் அவற்றின் பெர்ஸ்பெக்டிவ் நடுப்புள்ளிகளில் (ஸ்கேலால் அளந்த பாதி அல்ல, உண்மைப் பொருளில் பாதியாக இருக்கும் இடம்) தொடும்படி நீள்வட்டம் ஒன்றைப் பொருத்துங்கள். அதன் குற்றச்சு, அந்த முகத்துக்குச் செங்குத்தாக ஓடும் விளிம்புகளோடு சேர்ந்து அவற்றின் மறைபுள்ளிக்கே போக வேண்டும். விலகிப் போனால் சதுரம் இல்லை.

தமிழ்நாட்டு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் அண்ட் மாடல் டிராயிங் என்றே ஒரு பாடம் உண்டு. அதற்குத் தயாராகிறவர்கள் மர மாடல்களைத் தேடி அலைய வேண்டாம். அட்டைப் பெட்டிக்கு வெள்ளைத் தாள் ஒட்டினால் கன சதுரம் தயார். வாரம் ஒரு நாள் இப்படி உண்மையான பொருளைப் பார்த்து வரையுங்கள். அளக்கும்போது பென்சிலை நீட்டிய கை மடங்கக் கூடாது, ஒரு கண்ணை மூட வேண்டும். முழங்கை ஒரு தடவை மடங்கினாலும் விகிதம் முழுக்க மாறிவிடும்.

பார்வை கைக்கு வந்து சேராதவர்களுக்கு ஒரு பழைய வழி. இத்தாலியக் கட்டடக்கலைஞர் ஆல்பெர்ட்டி 1435இல் படச் சட்டத்தைத் திறந்த ஜன்னலாக நினைக்கச் சொன்னார். அதை அப்படியே செய்து பாருங்கள். ஜன்னல் கண்ணாடி முன் நின்று, ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல், எதிர்வீட்டுச் சுவரின் விளிம்புகளை மார்க்கரால் கண்ணாடியிலேயே வரையுங்கள். பிறகு அதையே பார்க்காமல் தாளில் வெறுங்கையில் வரைந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் தாளில் உள்ள சாய்வு, கண்ணாடியில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பெட்டி கைக்கு வந்ததும் முதலில் போக வேண்டியது தூண் வரிசைக்கு. ரயில் நிலைய நடைமேடை நல்ல இடம். முதல் இரண்டு தூண்களைக் கண்ணளவில் போடுங்கள். தூண்களின் உச்சி, அடி, பாதி உயரம் மூன்றையும் இணைத்து மறைபுள்ளிக்கு மூன்று மெல்லிய கோடுகள். முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாம் தூணின் நடுவழியாக ஒரு குறுக்குக் கோட்டை அடிக்கோடு வரை இழுங்கள். அது தொடும் இடத்தில் மூன்றாம் தூண். இரண்டாவதின் உச்சியிலிருந்து மூன்றாவதின் நடுவழியாக இழுத்தால் நான்காவது. முதலில் குறுக்குக் கோடு இல்லாமல் ஆறு தூண்களைக் கண்ணாலேயே வையுங்கள், பிறகு சிவப்புப் பேனாவில் இந்தக் கோடுகளைப் போட்டு, எத்தனையாவது தூணில் இடைவெளி தப்பத் தொடங்கியது என்று தாளின் ஓரத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.